ஓடுதுன்னா சரின்னு அர்த்தம் இல்ல: வீட்டுல லேன் கேபிள் போடுறவங்களுக்கு



ஓஎஸ்ஐ மாடல்ல எத்தனை லேயர்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஏழுன்னு சொல்லிடுவோம். அதுல முதல் லேயர் ஃபிசிக்கல் லேயர். சிலபஸ்ல அதுக்கு ஒரு யூனிட் கூட முழுசா கிடையாது. ரெண்டு மார்க் கேள்வி ஒண்ணு வரும், எழுதிட்டு மறந்துடுவோம். அந்த லேயரைக் கையால தொட்டுப் பார்த்தவங்க நம்மள்ல எத்தனை பேர்? போன செமஸ்டர் லீவு வரைக்கும் நானும் தொட்டதில்லை. தொட்ட அன்னைக்கு வீடு முழுக்கக் கரண்ட் போச்சு.

நடந்தது இதுதான். ரவுட்டர் கீழே ஹால்ல இருக்கு, என் ரூம் மாடியில. நடுவுல கான்கிரீட் தளம். வைஃபை சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். பிளேஸ்மென்ட்டுக்கான ஆன்லைன் டெஸ்ட் நடுவுல ரெண்டு தடவை கட் ஆனதும் கடுப்பாகி, ஹால்ல இருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துடலாம்னு முடிவு பண்ணேன். வெளியில கேபிள் தொங்கினா அம்மாவுக்குப் பிடிக்காது. அப்போதான் அந்த 'சூப்பர் ஐடியா' வந்தது. சுவத்துக்குள்ள கரண்ட் ஒயர் போற பைப் ஏற்கெனவே மாடிக்குப் போகுதே, அதுக்குள்ளயே இதையும் விட்டுட்டா?

ரூம் சுவிட்ச் எல்லாத்தையும் ஆஃப் பண்ணேன். போர்டைக் கழட்டினேன். எலெக்ட்ரீஷியன்கள் ஒயர் இழுக்கப் பயன்படுத்துற ஸ்டீல் ஸ்பிரிங்கை பைப்புக்குள்ள தள்ளினேன். பத்தடி போயிருக்கும், 'டப்'னு ஒரு சத்தம், பொறி, எல்லாம் இருட்டு.

பைப்புக்குள்ள எங்கேயோ ஒரு பழைய ஜாயின்ட். சுத்தியிருந்த டேப் காய்ஞ்சு உரிஞ்சிருக்கு. ஸ்பிரிங்கோட முனை அதுல பட்டது. ஸ்பிரிங்கோட நடுப்பகுதி சுவிட்ச் போர்டோட இரும்புப் பெட்டியில உரசிட்டு இருந்தது. அந்தப் பெட்டிக்கு எர்த் கொடுத்திருந்ததால கரண்ட் அது வழியா போய் எம்சிபி ட்ரிப் ஆச்சு. எர்த் இல்லாம இருந்திருந்தா கரண்ட் போறதுக்கு மிச்சம் இருந்த வழி, ஸ்பிரிங்கோட இந்த முனையைப் பிடிச்சிருந்த நான்தான்.

வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் திட்டலை. ஒண்ணே ஒண்ணு சொன்னார். "தம்பி, நீ இழுக்க வந்த ஒயர்ல ஒண்ணும் இல்ல. அது கூடப் போற ஒயர்தான் ஆளைக் கொல்லும்."

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வரியோட விளக்கம்தான்.

கேபிளுக்குள்ள என்ன இருக்கு?

லேன் கேபிளோட தோலை உரிச்சா எட்டு கம்பி, நாலு ஜோடி. ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன். ஒவ்வொரு ஜோடியும் முறுக்கி இருக்கும். ஒரு கம்பியில சிக்னல் ஏறும்போது ஜோடிக் கம்பியில அதே அளவு இறங்கும். ரிசீவர் பார்க்கிறது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். வெளியில இருந்து வர்ற இரைச்சல் ரெண்டு கம்பியிலயும் ஏறக்குறைய ஒரே அளவுல ஏறுறதால, கழிச்சுப் பார்க்கும்போது அது அடிபட்டுப் போயிடும். முறுக்கு இருக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

சிக்னலோட வோல்டேஜ் ரெண்டு வோல்ட்டைச் சுத்தித்தான். சிசிடிவி கேமராவுக்கு இதே கேபிள்ல பவரும் அனுப்புற பிஓஇ முறையில கூட 48 வோல்ட் அளவுலதான் டிசி போகும். ஈதர்நெட் போர்ட்டுக்குள்ள ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. கேபிளுக்கும் உங்க லேப்டாப் சர்க்யூட்டுக்கும் நடுவுல 1500 வோல்ட் வரைக்கும் தாங்குற தடுப்பு இருக்கணும்னு ஐஇஇஇ 802.3 ஸ்டாண்டர்டே சொல்லுது. ஆக, லேன் கேபிள் தனியா இருக்கிற வரைக்கும் சாது.

அப்போ கரண்ட் ஒயரோட சேர்த்து ஒரே பைப்புல ஏன் விடக்கூடாது? "டிஸ்டர்பன்ஸ் வரும்"னு நிறைய பேர் சொல்லுவாங்க. மேலே சொன்ன மாதிரி, முறுக்கின ஜோடி அந்த இரைச்சலைப் பெரும்பாலும் சமாளிச்சுடும். நிஜமான காரணம் வேற. லேன் கேபிளோட மெல்லிசான தோல் 230 வோல்ட் ஒயர் பக்கத்துல வருஷக்கணக்குல உரசிக்கிட்டுக் கிடக்கறதுக்காகச் செஞ்சது இல்லை. கரண்ட் ஒயரோட இன்சுலேஷன் என்னைக்காவது உரிஞ்சா, 230 வோல்ட் அந்த லேன் கேபிள்ல ஏறும். அந்தப் பக்கம் ரவுட்டர், இந்தப் பக்கம் உங்க கை.

இதுல மோசமான விஷயம், ஒரே பைப்புல விட்டாலும் இன்டர்நெட் அருமையா ஓடும். ஸ்பீட் டெஸ்ட் போட்டா ஃபுல் ஸ்பீடு காட்டும். தப்பு நடந்திருக்குன்னு எதுவுமே சொல்லாது, இன்சுலேஷன் உரியிற நாள் வரைக்கும்.

எம்சிபி இருக்கே, அப்புறம் என்ன?

நானும் அப்படித்தான் நினைச்சேன். எம்சிபி காப்பாத்துறது ஒயரை. 16 ஆம்பியர் எம்சிபி அந்த அளவைத் தாண்டினாதான் அசையும். ஒரு மனுஷன் உடம்பு வழியா சில பத்து மில்லி ஆம்பியர் போனாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அந்த அளவு எம்சிபிக்கு ஒரு நைட் லேம்ப் மாதிரி. அது கண்டுக்கவே கண்டுக்காது.

ஆளைக் காப்பாத்துறது ஆர்சிசிபி. போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் சமமான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். வீட்டுக்குப் போடுற 30 மில்லி ஆம்பியர் வகை, அந்த அளவு வித்தியாசம் வந்தா கண்ணிமைக்கிற நேரத்துல கட் பண்ணிடும். அன்னைக்கு எங்க வீட்டுல அது இல்லை. இப்போ இருக்கு.

இன்னொரு விஷயம். சுவிட்சை ஆஃப் பண்ணா போர்டுக்குள்ள கரண்ட் இல்லைன்னு ஆகாது. சுவிட்ச் வரைக்கும் கரண்ட் வந்து நிக்கும். மெயினை ஆஃப் பண்ணாலும், வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா அந்த லைன் உயிரோடதான் இருக்கும். ரெண்டையும் ஆஃப் பண்ணணும். அப்புறம் டெஸ்டரை முதல்ல கரண்ட் இருக்குன்னு தெரிஞ்ச பாயின்ட்ல வெச்சு அது எரியுதான்னு பார்த்துட்டு, வேலை செய்யப் போற இடத்துல வைக்கணும். செத்துப்போன டெஸ்டரும் எரியாதுதானே!

இதெல்லாம் நீங்க தெரிஞ்சு வெச்சுக்க. போர்டைக் கழட்டுற வேலை எலெக்ட்ரீஷியனோடது. நம்ம வேலை, கரண்ட் பெட்டி எதையுமே திறக்கத் தேவையில்லாத ஒரு வழியைக் கேபிளுக்குக் கண்டுபிடிக்கிறது.

வழி எது?

கேபிள் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல வீட்டை வரைஞ்சு வழியைக் குறிச்சுக்கோங்க.

1. கேபிளுக்குத் தனிப் பைப், இல்லைன்னா சுவத்து மேல ஒட்டுற பிவிசி கேசிங் கேப்பிங். கரண்ட் லைனுக்குப் பக்கத்துல இணையா போக வேண்டியிருந்தா ஒரு அடியாவது தள்ளிப் போங்க. குறுக்க போக வேண்டியிருந்தா நேர் செங்குத்தா, பிளஸ் குறி மாதிரி தாண்டுங்க.

2. ட்ரில் பண்ற இடம் முக்கியம். சுவத்துக்குள்ள பைப் எங்க போகுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. ஆனா சுவிட்ச் போர்டு, பிளக் பாயின்ட், சுவத்து லைட் இதுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் பெரும்பாலும் பைப் இருக்கும். பக்கவாட்டுலயும் இருக்கலாம். அந்தக் கோடுகள்ல ட்ரில் வைக்காதீங்க. பாத்ரூம் சுவர்னா தண்ணிக் குழாயும் இருக்கும். கண்ணாடி போட்டுக்கோங்க, செங்கல் தூள் கண்ணுல விழுந்தா அன்னைக்கு வேலை அவ்வளவுதான்.

3. ஓட்டையைக் கேபிள் போற அளவுக்கு மட்டும் போடுங்க. கேபிள் சுமார் 6 மில்லிமீட்டர், கனெக்டர் அதைப் போல ரெண்டு மடங்கு அகலம். அதனால கேபிளை நுழைச்சுட்டு அப்புறமா கிரிம்ப் பண்ணுங்க. வெளிச்சுவர்னா ஓட்டை வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவா இருக்கணும். கேபிள் உள்ளே நுழையறதுக்கு முன்னாடி கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்க. மழைத்தண்ணி அந்த வளைவுல சொட்டிடும், வீட்டுக்குள்ள வராது.

4. கேபிளை மடக்காதீங்க. வளைவோட ஆரம் கேபிள் தடிமனைப் போல நாலு மடங்காவது இருக்கணும், அதாவது சுமாரா ஒரு இன்ச். ஜன்னல் கதவு இடுக்குல நசுங்கற மாதிரி விட்டா ஆறு மாசத்துல ஒரு ஜோடி போயிடும். கேபிள் டையை இறுக்கிக் கட்டாதீங்க, கையால அசைச்சா கேபிள் நகரணும். இழுக்கும்போது பதினொரு கிலோ எடைக்கு மேல பலம் கொடுக்கக்கூடாதுன்னு கணக்கு. சிக்கினா வெளிய எடுத்துட்டு மறுபடி விடுங்க, மல்லுக்கட்டாதீங்க.

5. உயரத்துல வேலைன்னா ஏணி, கீழே பிடிக்க ஒரு ஆள். டேபிள் மேல பிளாஸ்டிக் சேர், அது மேல நீங்கன்னு சர்க்கஸ் வேண்டாம்.

மொட்டைமாடி வழியா பக்கத்து வீட்டுக்கு?

சித்தப்பா வீடு பக்கத்துல இருக்கு, நம்ம கனெக்ஷனையே மாடி வழியா அங்கேயும் இழுத்துடலாம்னு தோணும். செப்புக் கேபிள்ல அதைச் செய்யாதீங்க. ரெண்டு காரணம்.

ஒண்ணு, இடி. கேபிள் மேலேயே விழணும்னு இல்லை. பக்கத்துல எங்கயாவது விழுந்தாலே வெட்டவெளியில நீளமா கிடக்கிற கம்பியில வோல்டேஜ் தூண்டப்படும். போர்ட்டுல இருக்கிற 1500 வோல்ட் தடுப்பு அதுக்கு முன்னாடி நிக்காது. ஏப்ரல், மே கோடை மழையிலயும் அக்டோபர்ல ஆரம்பிக்கிற வடகிழக்குப் பருவமழையிலயும் நம்ம ஊர்ல ரவுட்டர் போர்ட் சாகுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரெண்டாவது, எர்த். ரெண்டு கட்டடத்தோட எர்த்தும் ஒரே வோல்டேஜ்ல இருக்கும்னு உத்தரவாதம் இல்லை. உலோக உறை போட்ட ஷீல்டட் கேபிளால ரெண்டையும் இணைச்சா அந்த வித்தியாசம் கேபிள் உறை வழியா ஓடும்.

கட்டடம் விட்டுக் கட்டடம்னா ஃபைபர்தான் சரி. கண்ணாடி இழையில கரண்ட் போகாது. ஒரே வீட்டுல வெளிச்சுவர் வழியா இறக்குறீங்கன்னா, வெயிலைத் தாங்குற கறுப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிள்னு கேட்டு வாங்குங்க. உள் உபயோகத்துக்கான கேபிளோட தோல் நம்ம வெயில்ல வெடிச்சுடும். இடி இடிக்கிற நாள்ல கேபிளை முன்கூட்டியே கழட்டி வெச்சுடுங்க. மின்னல் வெட்டிட்டு இருக்கும்போது போய்க் கழட்டாதீங்க.

கேபிள் அறுந்து தெருவுல இருக்கிற கரண்ட் கம்பி மேல விழுந்திருந்தா? தொடவே தொடாதீங்க, குச்சியால தள்ளவும் வேண்டாம். தமிழ்நாட்டுல மின்னகம் எண் 94987 94987. போன் போட்டுட்டு, யாரும் கிட்ட வராம பார்த்துக்கோங்க.

கடையில ஏமாறாம இருக்க

வீட்டுக்கு கேட் 5இ போதும். 1 ஜிபிபிஎஸ் வேகத்தை 100 மீட்டர் வரைக்கும் அது தாங்கும். இந்த 100 மீட்டர்ல சுவத்துல நிரந்தரமா போறது 90, ரெண்டு பக்கமும் சொருகுற சின்னக் கேபிள்கள் 10 என்பது கணக்கு. சுவத்தை உடைச்சுப் புதைக்கப் போறீங்கன்னா கேட் 6 போட்டுடுங்க, பின்னாடி மறுபடியும் உடைக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது சிசிஏ. அலுமினியக் கம்பி மேல செப்பு முலாம் பூசினது. வெளியில பார்த்தா தங்கம் மாதிரி மின்னும், விலை கம்மி, பெட்டி மேலயும் கேட் 6னு போட்டிருக்கும். ஆனா கேட் 5இ, கேட் 6 ஸ்டாண்டர்டுகள் செம்புக் கம்பிக்குத்தான். அலுமினியத்தோட மின்தடை செம்பைவிட சுமார் 1.6 மடங்கு. வளைச்சா சீக்கிரம் ஒடியும். கேமராவுக்கு பிஓஇ பவர் அனுப்பினா கேபிள்லயே அதிகம் விரயமாகி சூடாகும், அந்தக் கோடியில கேமரா ராத்திரி ஐஆர் லைட் போடும்போது ரீஸ்டார்ட் ஆகும்.

கண்டுபிடிக்கிறது சுலபம். ஒரு கம்பியை பிளேடால லேசா சுரண்டுங்க. உள்ளேயும் செம்பு நிறம்னா நல்லது. வெள்ளி நிறம் தெரிஞ்சா திருப்பிக் கொடுத்துடுங்க. ஒரே ஒரு கம்பி ஒரு கோட்டுக்கு இருக்கிறது சாலிட் கேபிள், சுவத்துல போறதுக்கு. மெல்லிசான பல இழைகள் சேர்ந்தது ஸ்ட்ராண்டட், அடிக்கடி வளையற பேட்ச் கார்டுக்கு. கனெக்டரும் ரெண்டுக்கும் தனித்தனியா வரும், கேட்டு வாங்குங்க.

கிரிம்பிங்

வேணும்னா பத்து கனெக்டர் கூடுதலா வாங்குங்க. என்னோட முதல் அஞ்சு குப்பைக்குத்தான் போச்சு.

- வெளித்தோலை ரெண்டு மூணு சென்டிமீட்டர் உரிங்க. உள்ளே இருக்கிற கம்பிகள்ல கீறல் விழுந்திருக்கான்னு பாருங்க. விழுந்திருந்தா அந்த இடத்தை வெட்டிட்டு மறுபடி ஆரம்பிங்க.
- டி568பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். ரெண்டு முனையிலயும் இதே வரிசை.
- முறுக்கைப் பிரிச்ச நீளம் 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. வரிசைப்படுத்தின பிறகு ஒரே வெட்டா நேராக வெட்டுங்க.
- கனெக்டரோட கிளிப் கீழே, கேபிள் நுழையற வாய் உங்களைப் பார்த்து இருக்கணும். இப்போ இடது ஓரம் தான் 1.
- எட்டு கம்பியும் முன்னாடி போய் முட்டணும். வெளித்தோலும் கனெக்டருக்குள்ள போய், கிரிம்ப் பண்ணும்போது பிடிபடணும். தோல் வெளிய நின்னா, யாராவது கால் தடுக்கி இழுக்கிற முதல் நாளே கம்பி கழண்டுடும்.
- வெட்டின துண்டுகளைப் பெருக்கிடுங்க. வெறும் காலுல குத்தினா தெரியும்.

பச்சை லைட் சொல்ற பொய்

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் தன் வீட்டுல கேபிள் போட்டான். வரிசை எதுக்கு மனப்பாடம் பண்ணணும், ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா போதாதான்னு யோசிச்சான். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடின்னு வரிசையா அடுக்கி கிரிம்ப் பண்ணான். 200 ரூபாய் டெஸ்டர்ல சொருகினான். 1ல இருந்து 8 வரைக்கும் லைட் அழகா எரிஞ்சது. ஆனா நெட் ஊர்ந்தது. ரவுட்டரை மாத்தினான், லேப்டாப்பை ஃபார்மட் பண்ணான், சர்வீஸ் ஆளோட சண்டை போட்டான். ஒரு வாரம் போச்சு.

தப்பு எங்கே? ஈதர்நெட்டுக்கு 1-2 ஒரு ஜோடி, 3-6 ஒரு ஜோடி, 4-5 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி. 3க்கு ஜோடி 4 இல்லை, 6. அவன் அடுக்கின முறையில 3ல பச்சை ஜோடியோட ஒரு கம்பி, 6ல நீல ஜோடியோட ஒரு கம்பி. சிக்னல் ஜோடி ஒண்ணு, முறுக்கின ஜோடி வேற. இரைச்சலை அடிச்சுக் கழிக்கிற கணக்கே உடைஞ்சு போச்சு. இதுக்குப் பேர் ஸ்ப்ளிட் பேர். மலிவான டெஸ்டர் பார்க்கிறது கம்பி தொடர்ச்சியா இருக்கான்னு மட்டும்தான். எது எதோட முறுக்கியிருக்குன்னு அதுக்குத் தெரியாது.

அதனால டெஸ்டரோட நிறுத்தாதீங்க. கம்ப்யூட்டர்ல நெட்வொர்க் செட்டிங்ஸ் போய் லிங்க் ஸ்பீடு பாருங்க, லினக்ஸ்னா எத்டூல் கமாண்ட் காட்டும். ரெண்டு பக்கமும் ஜிகாபிட் போர்ட் இருந்தும் 100னு காட்டினா, பெரும்பாலும் நீலம் அல்லது பிரவுன் ஜோடியில பிரச்சினை. ஏன்னா 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 மட்டும் போதும். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். அடுத்து, ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல ஐபெர்ஃப் ஓட விடுங்க. நல்ல ஜிகாபிட் லிங்க்ல சுமார் 940 எம்பிபிஎஸ் வரும். அப்பவும் ரீட்ரான்ஸ்மிட் எண்ணிக்கை ஏறிக்கிட்டே போனா கேபிளைச் சந்தேகப்படுங்க.

ரிப்பேர்

ஓடிட்டிருந்த கேபிள் நின்னு போச்சுன்னா, எடுத்ததும் சுவத்தை உடைக்காதீங்க. முதல்ல ரவுட்டர்ல வேற போர்ட். அடுத்து ரெண்டு பக்கமும் இருக்கிற சின்ன பேட்ச் கார்டுகளை மாத்துங்க. அப்புறம் கனெக்டரைப் பாருங்க, கிளிப் உடைஞ்சிருந்தா அதுவே காரணமா இருக்கலாம். முனையை வெட்டிட்டுப் புதுசா கிரிம்ப் பண்ணுங்க. அப்பவும் வரலைன்னா, வெளியில தெரியிற பகுதியை முழுக்கத் தடவிப் பாருங்க. எலி, அணில் கடிச்ச இடம், கதவு நசுக்கின இடம் ஏதாவது மாட்டும்.

ஆனா தொடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: இந்தக் கேபிள் எந்த வழியா போகுது? உங்களுக்கு முன்னாடி யாரோ போட்டது, கரண்ட் பைப்புக்குள்ள போகுதுன்னு தெரிஞ்சா, மெயின், இன்வெர்ட்டர் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அது இனிமே லேன் கேபிள் இல்லை, கரண்ட் ஒயர்னே நினைச்சுக்கோங்க. பிஓஇ கேபிள்னா இன்ஜெக்டரையோ ஸ்விட்ச்சையோ அணைச்சுட்டு வேலை பாருங்க.

நடுவுல அறுந்திருந்தா, எட்டு கம்பியையும் முறுக்கி டேப் சுத்தாதீங்க. ரெண்டு முனையிலயும் கனெக்டர் போட்டு கப்ளர்ல இணைங்க. தனிப் பைப்புல போற கேபிளையே மாத்தணும்னா, பழைய கேபிளோட வாலுல ஒரு நைலான் கயிறைக் கட்டி இழுங்க. பழையது வெளிய வரும், கயிறு உள்ளே நிக்கும். அதுல புதுசைக் கட்டி இழுத்தா வேலை முடிஞ்சது.

வீட்டுக்குள்ள வர்ற ஃபைபர் கேபிள் மட்டும் நம்ம ஏரியா இல்லை. அதுக்குள்ள வர்ற ஒளி 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் வருதான்னு முனையைக் கண்ணுக்கு நேரா வெச்சுப் பார்க்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். உடைஞ்ச கண்ணாடி இழை தோலுக்குள்ள ஏறினா எடுக்கிறது பெரும்பாடு. எல்ஓஎஸ் லைட் சிவப்பா எரிஞ்சா கனெக்ஷன் கொடுத்தவங்களுக்கு போன் பண்ணுங்க.

யாருக்காவது ஷாக் அடிச்சா

ஆளைத் தொடாதீங்க. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. முடியலைன்னா, நீங்க காய்ஞ்ச பலகை மேல நின்னுக்கிட்டு காய்ஞ்ச மரக்கட்டையால ஒயரைத் தள்ளுங்க. இது வீட்டுக்குள்ள இருக்கிற 230 வோல்ட்டுக்கு மட்டும். 108க்குப் போன் போடுங்க. சுயநினைவு இல்லாம, மூச்சும் இயல்பா இல்லைன்னா நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை அழுத்திக்கிட்டே இருங்க. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லடா"ன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் இசிஜி எடுங்க.

கடைசியா

எங்க வீட்டுல இப்போ லேன் கேபிள் வெளிச்சுவர் வழியா தனிப் பைப்புல மாடிக்கு ஏறுது. ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு. அம்மா பைப்புக்கு சுவத்துக் கலர்லயே பெயின்ட் அடிக்க வெச்சாங்க. லிங்க் ஸ்பீடு 1000னு காட்டுது.

இப்போ யோசிச்சா, அன்னைக்கு அந்த ஜாயின்ட்ல டேப் நல்லா ஒட்டியிருந்தா ஸ்பிரிங் மாடி வரைக்கும் போயிருக்கும். கேபிளும் ஏறியிருக்கும். நெட்டும் பறந்திருக்கும். நானும் உங்களுக்கு 'பத்தே நிமிஷத்துல மாடிக்கு லேன் கேபிள்'னு பெருமையா ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். நீங்களும் செஞ்சு பார்த்திருப்பீங்க. நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

கேபிள் போடுறீங்களோ இல்லையோ, இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது ஒரு வேலை மட்டும் செய்யுங்க. எம்சிபி பெட்டியைத் திறந்து அதுல டெஸ்ட்னு ஒரு சின்ன பட்டன் இருக்கிற ஆர்சிசிபி இருக்கான்னு பாருங்க. இருந்தா அமுக்குங்க. உடனே ட்ரிப் ஆகணும். ஆகலைன்னாலோ, அப்படி ஒண்ணு பெட்டியிலயே இல்லைன்னாலோ, அப்பாகிட்ட சொல்லி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்க. அமுக்கறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லாருக்கும் ஒரு குரல் கொடுத்துடுங்க, அம்மா கிரைண்டர்ல மாவு ஆட்டிட்டு இருப்பாங்க.